தாத்தா வீட்டு வாட்ஸ்அப் குழு: சனிக்கிழமைக்கு எத்தனை பேர்?

பிரபு (சிகாகோ): சனிக்கிழமை பாப்பாவுக்கு ஆயுஷ் ஹோமம். லெமான்ட் கோயில், காலை 10 மணி. எத்தனை இலை என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

மீனா சித்தி: நாங்கள் நான்கு பேர். சித்தப்பாவுக்குப் பாயசம் வேண்டாம்.

முருகன் சித்தப்பா: யார் சொன்னது?

சுந்தர் பெரியப்பா: நானும் பெரியம்மாவும் உண்டு. ஆனால் அன்று காலை சிகாகோ நேவி பியர் படகுத்துறையில் கடலோரக் காவல் படையின் மேக்கினா கப்பல் கிறிஸ்துமஸ் மரங்களை இறக்குகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம். பார்த்துவிட்டு வந்துவிடலாமா?

கவிதா: பெரியப்பா, குளிர்!!

பெரியம்மா: வந்த நாளிலிருந்து இதே பேச்சு.

சுந்தர் பெரியப்பா: காரணம் இருக்கிறது. ரவுஸ் சிமன்ஸ் கப்பலின் நினைவாகத்தான் இதைச் செய்கிறார்கள். 1868இல் மில்வாக்கியில் கட்டிய மரக்கப்பல். மூன்று பாய்மரம். நம் ஊர்த் தோணி மாதிரி சரக்குக்குத்தான். மிச்சிகன் ஏரியில் பலகை ஏற்றியே கிழடாகிவிட்டது. கடைசியில் ஹெர்மன் ஷூனமன் என்ற கேப்டன் அதில் வடக்கிலிருந்து கிறிஸ்துமஸ் மரம் கொண்டுவந்து, சிகாகோ கிளார்க் தெருப் பாலத்தடியில் கப்பலில் வைத்தே விற்றார். கப்பலில் அவருக்கு எட்டில் ஒரு பங்கு.

முருகன் சித்தப்பா: எட்டில் ஒன்றா? பரவாயில்லையே. ஊர் வீட்டில் எனக்கு அதுகூட வரவில்லை.

சுந்தர் பெரியப்பா: முருகா, அதை இங்கே பேசாதே.

கலா அத்தை: நானும் வாயைத் திறக்கவில்லை.

பிரபு (சிகாகோ): இலை எண்ணிக்கை ப்ளீஸ்

கவிதா: கப்பல் என்ன ஆச்சு?

பெரியம்மா: ஏன் கேட்கிறாய் கவிதா

சுந்தர் பெரியப்பா: 1912 நவம்பர் 22, மிச்சிகன் மாநிலத்தின் தாம்சன் துறையிலிருந்து மரங்களோடு கிளம்பியது. மறுநாள் விஸ்கான்சின் கரையிலுள்ள கெவானி மீட்பு நிலையத்துக்காரர்கள் ஆபத்துக் கொடியோடு அது தெற்கே போவதைப் பார்த்தார்கள். கையில் மோட்டார் படகு இல்லை. டூ ரிவர்ஸ் நிலையத்துக்குப் போன் போட்டார்கள். அங்கிருந்து படகு போய்த் தேடியும் கிடைக்கவில்லை. ஒருவரும் பிழைக்கவில்லை. ஏரிதானே என்று நினைக்காதீர்கள், நவம்பர் புயலில் அது கடல்தான்.

கலா அத்தை: ஐயோ

சுந்தர் பெரியப்பா: கேப்டனுடைய அண்ணன், ஆகஸ்ட் என்று பெயர், அவரும் 1898இல் இதே மரச் சுமையோடுதான் மூழ்கினார்.

மீனா சித்தி: அப்புறமும் போனாரா!

பெரியம்மா: வீட்டில் சொன்னால் கேட்கிற சாதியா ஆம்பளைகள்?

முருகன் சித்தப்பா: 👆 அண்ணி சொல்வது யாரை என்று தெரிகிறது

சுந்தர் பெரியப்பா: 1924இல் எண்ணெய்த்துணியில் சுற்றிய கேப்டன் ஹெர்மனுடைய பர்ஸ் மீனவர் வலையில் வந்தது.

முருகன் சித்தப்பா: உள்ளே எவ்வளவு?

சுந்தர் பெரியப்பா: உனக்கு அதுதான் முக்கியம். கப்பலை 1971இல்தான் முக்குளிப்பவர் ஒருவர் கண்டுபிடித்தார், சுமார் 165 அடி ஆழத்தில். அறைக்குள் மரங்கள் இன்னும் அடுக்கியபடி. நன்னீர், அதுவும் குளிர்ந்தது. மரத்தைத் துளைக்கிற கப்பல் புழு அங்கே கிடையாது. தூத்துக்குடிக் கடலாக இருந்தால் என்றைக்கோ அரித்துத் தின்றிருக்கும்.

கவிதா: பிறகு மரம் விற்பது நின்றுவிட்டதா?

சுந்தர் பெரியப்பா: மனைவி பார்பராவும் மகள்களும் பல வருடம் தொடர்ந்து விற்றார்கள்.

கலா அத்தை: அதைச் சொல்லுங்கள் முதலில். கேப்டனை விட அந்த அம்மாள் பெரிய ஆள்.

பிரபு (சிகாகோ): பெரியப்பா, பியரிலிருந்து லெமான்ட் ஒரு மணி நேரமாவது ஆகும். பூர்ணாகுதிக்கு நீங்கள் இருந்தே ஆக வேண்டும்.

சுந்தர் பெரியப்பா: 8 மணிக்கு அங்கே இருந்தால் முடியாதா? முருகன் கார் ஓட்டட்டும்.

முருகன் சித்தப்பா: நானா? பார்க்கலாம்.

மீனா சித்தி: பார்க்கலாம் என்றால் வரமாட்டார் என்று அர்த்தம்.

கலா அத்தை: பிரபு, எனக்கு வீடியோ கால் போடு. இங்கே இரவு ஒன்பதரை, முழித்திருப்பேன். பாப்பாவுக்குத் தங்க வளையல் கொடுத்துவிட்டிருக்கிறேன், பெரியம்மாவிடம் கேள்.

பெரியம்மா: வளையலா? என்னிடம் கொலுசுதானே கொடுத்தாய்?

பிரபு (சிகாகோ): 22 இலை சொல்லிவிட்டேன். கூடினால் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.