புறாக்கூட்டுக் கதவும் 8 அங்குல ஷியரும்

குமரன், காலை 8:10
மாமா, வணக்கம். சென்ற வாரம் பாரிமுனையில் வாங்கிய 8 அங்குலக் கை ஷியரில் (கைப்பிடியை இழுத்துத் தகடு வெட்டும் கருவி), மாடிப் புறாக்கூட்டுக் கதவுக்காக 20 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டை நேற்று வெட்டிப் பார்த்தேன். தகடு வெட்டுப்படாமல் மடங்கி இரண்டு பிளேடுகளுக்கும் நடுவே சொருகிக்கொண்டது. வெட்டுப்பட்ட கொஞ்ச இடத்திலும் விரல் வைக்க முடியாதபடி பிசிறு நிற்கிறது. விலை குறைவு என்று ஆசைப்பட்டு ஏமாந்துவிட்டேனா?

செல்வி அக்கா, காலை 8:24
நம் தெருமுனைப் பட்டறையில் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் வெட்டித் தந்திருப்பார்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

பெரிய மாமா, காலை 9:02
தம்பி, அவசரப்பட்டு அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதே. மேல் பிளேடுக்கும் கீழ் பிளேடுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷியராக இருந்தாலும் தகட்டை வெட்டாது, மடக்கித்தான் தள்ளும். சாதா இரும்புத் தகட்டுக்கு அதன் கனத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை இடைவெளி போதும். உன் 20 கேஜ் தகடு ஏறக்குறைய 0.9 மி.மீ. கனம் என்பதால், பழைய செய்தித்தாளில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு வைத்தால் சரியாக இருக்கும். முதலில் கைப்பிடி சுழலும் பெரிய போல்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார். அது தளர்ந்திருந்தால் கீழே எதைச் சரிசெய்தாலும் வீண்.

குமரன், காலை 9:40
பெரிய போல்ட் நன்றாகவே ஆடுகிறது, மாமா. கீழ் பிளேடைக் கழற்றினால், அது உட்காரும் இடத்தில் பச்சைப் பெயிண்ட் திட்டுத் திட்டாக இருக்கிறது.

பெரிய மாமா, காலை 9:55
பெயிண்ட்டின் மேலேயே பிளேடை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். மலிவு என்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான். அதை முழுவதும் சுரண்டி எடுத்துத் துடைத்துவிட்டு, பிளேடை லேசாக முடுக்கி, தாளை நடுவில் வைத்துக் கைப்பிடியை மெதுவாக இறக்கு. ஒரு முனையில் தாள் இறுகி மறுமுனையில் தளர்ந்தால் பிளேடு கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். தளர்ந்த பக்கம் பிளேடுக்குப் பின்னால் சோடா டின்னிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டு ஒன்றைச் செருகி, இரண்டு முனையும் ஒத்துப்போகும் வரை பொறுமையாகப் பார்த்து, பிறகு போல்ட்டுகளை முழுதாக முடுக்கு. பிளேடுகள் ஒன்றோடொன்று உரசும்படி மட்டும் நெருக்கிவிடாதே, முனை பெயர்ந்துவிடும். பெரிய போல்ட்டை இதற்கெல்லாம் முன்பே, கைப்பிடி தானாக விழாத அளவுக்கு இறுக்கினால் போதும்.

தகடு மேலே எழும்பாமல் அழுத்திப் பிடிக்கும் கால் ஒன்றும் அதில் இருக்குமே, அது உயரத்தில் நிற்கிறதா?

குமரன், காலை 10:05
ஆமாம் மாமா, தகட்டுக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறது. அது எதற்கு என்றே தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்தேன்!

பெரிய மாமா, காலை 10:11
தகடு மடங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான். தகடு தடையில்லாமல் நகரும், ஆனால் மேலே தூக்காது என்கிற அளவுக்கு இறக்கி வை. நீளமாக வெட்டும்போது கைப்பிடியைக் கடைசி வரை அழுத்தாமல், பிளேடின் நுனிக்கு ஒரு விரற்கடை முன்பே நிறுத்தித் தகட்டைத் தள்ளிக்கொடு. இல்லையென்றால் ஒவ்வொரு அடியிலும் வெட்டிய விளிம்பில் பல் போல ஒரு தடம் விழும்.

குமரன், மாலை 5:30
மாமா, இப்போது வெட்டிய விளிம்பில் தடவினால் பிசிறு லேசாகத்தான் தெரிகிறது. ஆனால் ஷியரைப் பிளைவுட் மேசையில் மாட்டியிருப்பதால், இழுக்கும்போது மேசையே எழும்புகிறது.

பெரிய மாமா, மாலை 5:42
மேசைக்கு அடியில் ஓர் இரும்புப் பட்டையை வைத்துப் போல்ட் போடு, மேசைக் கால்களையும் தரையோடு பிணைத்துவிடு. இரவில் பிளேடுகளில் எண்ணெய் தடவ மறக்காதே. காசிமேட்டுக் கடற்காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும், துரு ஏறிவிடும்.

செல்வி அக்கா, மாலை 6:03
அப்படியானால் என் பழைய எவர்சில்வர் டிரம்மை வெட்டி அடுப்படிக்கு ஒரு தட்டு செய்து தருவானா?

பெரிய மாமா, மாலை 6:10
வேண்டாம் அம்மா. ஷியரில் எழுதியிருக்கும் கன அளவு சாதா இரும்புக்கானது. எவர்சில்வர் அதைவிடக் கடினம், வெட்ட வெட்ட இன்னும் இறுகும். அதைப் பட்டறையிலேயே கொடு. குமரா, வேலை முடிந்ததும் கைப்பிடியை மேலே தூக்கிச் சங்கிலி போட்டுக் கட்டு. புறா பார்க்க வரும் பிள்ளைகள் அதைத்தான் முதலில் இழுப்பார்கள்.

குமரன், மாலை 6:15
கட்டிவிட்டேன் மாமா, பூட்டும் போட்டாயிற்று.