சாக்கெட்டைப் பொருளாக எழுதுவதா, அடிப்படை அழைப்புகளாக எழுதுவதா?

நொய்யல்கரை (பல்லடம்):
எங்கள் பகுதி நூற்பாலை ஒன்றில் நூல் நூற்கும் 24 ரிங் ஃபிரேம் இயந்திரங்களிலும் சிறு கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு பலகையும் சர்வரோடு ஒரு முறை இணைந்துகொண்டு, அதே டிசிபி (தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் வலை நெறிமுறை) இணைப்பில் நிமிடத்துக்கு ஒரு வரியாகத் தன் எண்ணையும் ஓடிய நீளத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அவற்றை வாங்கிப் பதியும் பழைய பெர்ல் மொழி நிரலைச் சென்ற மாதம் நான் திருத்தினேன். வலை இணைப்பின் முனையான சாக்கெட்டை உருவாக்கி, அமைத்து, முகவரியோடு பிணைத்து, காத்திருக்க வைக்கும் சாக்கெட், செட்சாக்ஆப்ட், பைண்ட், லிசன் என்று ஒவ்வொரு இயங்குதள அழைப்பும் தனித்தனியே, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழைச் சோதனையோடு இருந்தது. முகவரியையும் போர்ட் எண்ணையும் பைட்டுகளாகக் கட்டித் தருவதும் எழுதுபவர் பொறுப்பாகவே இருந்தது. அத்தனையையும் நீக்கிவிட்டு, அந்த அழைப்புகளைத் தானே செய்துகொள்ளும் ஐஓ சாக்கெட் ஐநெட் வகுப்பின் (கிளாஸ்) நியூ முறைக்கு லோக்கல்போர்ட் 9000, லிசன் 20, ரீயூஸ்அட்ரஸ் 1 என்று மூன்று விவரங்களை மட்டும் கொடுத்தேன்; காத்திருக்கும் சாக்கெட் ஒரு பொருளாக (ஆப்ஜெக்ட்) கைக்கு வந்துவிட்டது. அதன் அக்செப்ட் முறையை அழைத்தால், வந்து சேரும் இணைப்பும் ஒரு பொருளே. புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு இனி இந்த வழியை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

அவிநாசிச் சாலை (கோவை):
தம்பி, "மட்டும்" என்ற அந்த ஒரு சொல்லை நான் ஏற்கமாட்டேன். 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்த அழைப்புகளே இன்றைக்கும் அடியில் வேலை செய்கின்றன. வகுப்பு அவற்றை மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்கூடத்துக்கு இதே வகுப்பைக் கொண்டு சர்வர் எழுதிக்கொடுத்தவன் நான். அங்கே தறிகள் ஒவ்வொரு முறையும் புதிதாக இணைந்து ஒரு வரியைக் கொடுத்துவிட்டுப் போகும். நிரல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கும். டைம்அவுட் 10 என்று கொடுத்திருந்ததால், எந்தத் தறி பேசாமல் இருந்தாலும் 10 வினாடியில் அடுத்ததற்குப் போய்விடும் என்று நம்பியிருந்தேன். ஓர் இரவு ஒரு கொட்டகையில் மின்சாரம் போயிற்று. இணைந்த கையோடு, வரியை அனுப்பாமலே அணைந்துபோன ஒரு தறிக்காக என் நிரல் விடியும்வரை காத்திருந்தது. மற்ற கொட்டகைகளில் ஓடிய தறிகளின் கணக்கும் அதோடு நின்றுபோயிற்று. கூலி போடுவது அந்தக் கணக்கை வைத்துத்தான் என்பதால், காலையில் தறிக்காரர்கள் முன்னால் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. டைம்அவுட் என்பது இணைவதற்கும் அக்செப்ட்டுக்கும் மட்டுமே பொருந்தும், படிப்பதற்குப் பொருந்தாது என்று அதற்குப் பிறகுதான் அறிந்தேன். மின்சாரம் போன கருவி இணைப்பை முடிக்கும் பாக்கெட்டை அனுப்பாது. மறுமுனை இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவை இயக்கியிருந்தாலும், லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனை போவதற்கே 7200 வினாடிகள் ஆகும். ரீட் அழைப்பை நேரடியாக எழுதியிருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கேள்வி என் மனத்தில் அன்றே எழுந்திருக்கும்.

நொய்யல்கரை:
அண்ணா, உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ரீட் அழைப்பை நேரடியாக எழுதியிருந்தாலும் அதுவும் விடியும்வரை காத்தேதான் இருந்திருக்கும். குறை பொருளிடம் இல்லை. ஐஓ செலக்ட் என்னும் வகுப்பில் எல்லா இணைப்புகளையும் சேர்த்து, எவற்றில் தரவு வந்திருக்கிறது என்று சொல்லும் கேன்ரீட் முறைக்கு 30 வினாடி வரம்பு கொடுத்து, தரவு வந்திருக்கும் பொருளிடம் மட்டும் கெட்லைன் முறையால் ஒரு வரி வாங்கினால் எந்த இணைப்பும் மற்றதைத் தடுக்காது. நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மேலும், ஐபி பதிப்பு 6 (நீளமான புதிய வலை முகவரி முறை) வந்தால் பழைய நிரலில் முகவரி கட்டும் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். எனக்கோ, 2014இல் பெர்ல் 5.20உடன் சேர்ந்தே வந்த ஐஓ சாக்கெட் ஐபி வகுப்பின் பெயரை எழுதினால் ஏறக்குறைய வேலை முடிந்தது. பயன்பாடு முடிந்து பொருளைக் கைவிட்டதும் சாக்கெட் தானே மூடிக்கொள்வதும் ஒரு பெரிய நன்மை.

அவிநாசிச் சாலை:
பதிப்பு 6 பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. தானே மூடிக்கொள்வது வகுப்பின் கொடை அல்ல. 2000இல் வந்த பெர்ல் 5.6 முதலே, சாதாரண சாக்கெட் அழைப்புக்கு உள்ளக மாறியை (நிரலின் ஒரு பகுதிக்குள் மட்டும் வாழும் மாறி) கொடுத்தாலும் அது நடக்கும்.

மஞ்சள் மண்டி (ஈரோடு):
நொய்யல்கரைத் தம்பி எழுதியிருக்கும் முறையிலேயே ஒரு பிழை இருக்கிறது. ஆலையில் ஓடும் நிரல் என்பதால் இதை உடனே சொல்லிவிடுகிறேன். டிசிபிக்கு வரி என்ற ஒன்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே. ஒரு வரி பாதியாக வந்தால் கெட்லைன் மீதிப் பாதிக்காக நின்றுவிடும்; நீங்கள் தவிர்த்துவிட்டதாக நினைக்கும் தடை அங்கேயே திரும்பி வந்துவிடுகிறது. இரண்டு வரிகள் சேர்ந்து வந்தாலோ, கெட்லைன் இரண்டையும் பெர்லின் உள் இடையகத்துக்கு (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்) இழுத்துக்கொண்டு முதல் வரியை மட்டும் உங்களிடம் கொடுக்கும். கேன்ரீட் பார்ப்பது இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் மீதி இருக்கிறதா என்பதைத்தான், அங்கே ஒன்றும் இராது. ஆகவே இரண்டாம் வரி பெர்லுக்குள்ளேயே தங்கிவிடும். பொருளை விட வேண்டியதில்லை. அதன் சிஸ்ரீட் முறையால் வந்ததை வந்தபடியே வாங்கி, ஒவ்வோர் இணைப்புக்கும் தனி இடையகத்தில் சேர்த்து, வரி முடிவுக் குறி வரும் இடங்களில் நீங்களே வெட்டுங்கள்.

நொய்யல்கரை:
அக்கா, இரவே சோதித்துப் பார்த்தேன். என் மடிக்கணினியிலிருந்து நெட்கேட் என்ற வலைச் சோதனைக் கருவி வழியாக 10 பைட் கொண்ட இரண்டு வரிகளை ஒன்றாக அனுப்பினேன். முதல் வரி உடனே பதிவானது. இரண்டாவது, நான் மூன்றாவதை அனுப்பும்வரை வெளியே வரவில்லை. நிரல் செய்யும் இயங்குதள அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டுப் பார்த்தபோது ஒரே ரீட் அழைப்பில் 20 பைட்டுகளும் உள்ளே வந்துவிட்டதும், அதற்கடுத்த செலக்ட் வெறுமனே காத்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. சிஸ்ரீட்டுக்கு மாற்றிவிட்டேன், இன்று காலை ஷிப்ட் முதல் அதுதான் ஓடுகிறது.

அவிநாசிச் சாலை:
அந்த எஸ்ட்ரேஸ் வரிகளை உங்கள் மாணவர்களுக்கும் காட்டுங்கள், தம்பி. நிரலைப் பொருளாகவே எழுதட்டும். ஆனால் நியூ என்ற ஒரு சொல் அடியில் எத்தனை அழைப்புகளாக இறங்குகிறது என்பதை முதல் பாடத்திலேயே பார்த்துவிடட்டும்.