ஜூரி அறையில் முதலில் கை தூக்கச் சொன்னால் என்ன ஆகும்?

நான் ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக இருந்தது ஒரு வழிப்பறி வழக்கில். தீர்ப்புக்குப் பிறகு வெளியே பேச வழக்கு நடந்த இடத்தில் தடை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அறைக் கதவைச் சாத்தியதுமே எங்கள் தலைவர், "யார் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிடலாம், குற்றவாளி என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார். பாதிக்கு மேல் கைகள் சட்டென்று எழுந்தன. மேஜைக் கோடியில் இருந்த பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகத் தன் கையையும் தூக்கினார். ரொம்ப நேரம் கழித்து இன்னொருவர், "எனக்கு அந்த வெளிச்சம்தான் இடிக்கிறது. அந்த இருட்டில் முகம் தெரிந்திருக்குமா?" என்று கேட்ட பிறகுதான், தனக்கும் அதே சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததாக அந்தப் பெண் வாயைத் திறந்தார்.

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையிலும் இதே கதைதான். எந்தக் கோடு சம நீளம் என்று கண்ணுக்குத் தெரிந்தும், சுற்றி இருந்தவர்கள் தப்பாகச் சொன்னதால் பலர் அவ்வப்போது அதையே சொன்னார்கள். துணைக்கு ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலே அந்த அழுத்தம் வெகுவாகக் குறைந்தது.

எங்கள் வழக்கில் சாட்சி அடித்துப் பேசியதுதான் பலரை இழுத்திருந்தது. உறுதியாகச் சொல்வதும் சரியாகப் பார்த்திருப்பதும் ஒன்றல்ல என்று அதன்பின் வெகுநேரம் பேசினோம். அடுத்த முறை துண்டுச் சீட்டில் எழுதி வாக்கெடுத்தோம். கடைசியில் 'குற்றவாளி இல்லை' என்று முடிந்தது.

*

மேலே எழுதியவரைப் போல நானும் வேறொரு வழக்கில் ஜூரியாக இருந்திருக்கிறேன். எங்கள் தலைவர் வாக்கெடுப்பைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார், அது பெரிய உதவி. எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. ஒரு சாட்சி பேச்சுவாக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய வழக்கைச் சொல்லிவிட்டார். "இதைக் கணக்கில் எடுக்காதீர்கள்" என்றார் நீதிபதி. காதில் விழுந்ததை எப்படி அழிப்பது? அறைக்குள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் "இப்படிப்பட்ட ஆள்" என்ற பேச்சு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நல்லவேளையாக ஒருவர், "எந்தச் சாட்சியத்தை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று ஒவ்வொரு தடவையும் விடாமல் கேட்டார். பதில் சொல்ல முடியாதவர்கள் குறிப்பேட்டைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.