இரண்டாம் முறை பார்த்தபோதுதான் செட்ரிக் கண்ணில் பட்டார்

‘கிங் ரால்ஃப்’ 1991-இல் வந்த படம். கல்லூரி விடுமுறையில் ஒரு ராத்திரி டிவியில் போட்டார்கள். அப்பாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். ஆரம்பத்திலேயே பிரிட்டிஷ் அரச குடும்பம் மொத்தமும் குரூப் போட்டோவுக்கு நிற்கிறது. கொட்டும் மழையில் வயரில் ஷாக் அடித்து அத்தனை பேரும் போய்ச் சேர்கிறார்கள். வாரிசைத் தேடினால் லாஸ் வேகஸில் பியானோ வாசித்துப் பாடிப் பிழைக்கும் ரால்ஃப் ஜோன்ஸ் அகப்படுகிறான். அவன் பாட்டிக்கும் ஒரு பிரபுவுக்கும் என்றோ இருந்த உறவு, அவனை லண்டன் அரண்மனையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ரால்ஃபாக வரும் ஜான் குட்மேனின் அந்தப் பெரிய உடம்பு அரண்மனைக்குள் நுழைந்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பட்டத்து யானை மாலை போட்ட கதைடா இது” என்றார். அப்படியே மூர்த்தி நாயனார் கதைக்குப் போய்விட்டார். சிவனுக்கு அரைக்கச் சந்தனம் கிடைக்காமல் முழங்கையைக் கல்லில் தேய்த்தவர் அவர். மதுரையை ஆண்டவன் பிள்ளையில்லாமல் இறந்ததும், கண்ணைக் கட்டி அனுப்பிய யானை அவரைத்தான் தூக்கித் தன்மேல் வைத்துக்கொண்டது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் படத்தில் பாதி ஓடிவிட்டது.

போன மாதம் மகளுக்காக மறுபடி போட்டேன். முடிவு எனக்குத் தெரியும் என்பதால் கண் ரால்ஃபிடம் நிற்கவில்லை, செட்ரிக் பின்னாலேயே போனது. அரண்மனைச் செயலாளர் செட்ரிக்காக வருபவர் பீட்டர் ஓ’டூல். 1964-லும் 1968-லும் இரண்டு படங்களில் இரண்டாம் ஹென்றி மன்னராகவே நடித்தவர், இதில் இன்னொருவனுக்கு ராஜநடை சொல்லித் தருகிறார்! எப்படி நிற்பது, எப்படிக் கையசைப்பது என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. ரால்ஃப் சொதப்பும்போது அவர் கோபப்படுவதில்லை. ஒரு நொடி கண்ணை மூடித் திறக்கிறார், அவ்வளவுதான்.

கடைசியில் ரால்ஃப் முடியைத் துறந்து கைகாட்டுவது அவரைத்தான். அவருக்கும் அதே ரத்தம். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். இது தெரிந்து பார்த்தால் அவர் வரும் ஒவ்வொரு காட்சியும் கனமாக இருக்கிறது. விமர்சகர்கள் இதைச் சாதாரண காமெடி என்று ஒதுக்கலாம், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓ’டூல் இல்லாவிட்டால் குட்மேனின் கலாட்டாவுக்கு இந்தப் பலம் கிடைத்திருக்காது. ரால்ஃபின் காதலியைப் பகடைக்காயாக வைத்து நடக்கும் சூழ்ச்சிப் பகுதி மட்டும் கொஞ்சம் இழுவை, அதை மறுக்கவில்லை.

அன்று ராத்திரியே அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்போ யானை முதல்ல அவர்கிட்டதான் வந்திருக்கு. அவர்தான் ஒதுங்கி நின்னுட்டார்.”

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முதலிலிருந்து போடு என்றார்.