காணும் பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகளை மேய்க்க ஒரு யோசனை வேணும்

வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்க பூர்வீக வீட்டுல காணும் பொங்கலன்னைக்கு மொத்தக் குடும்பமும் கூடுறோம். பேரப்பிள்ளைகள் மட்டும் 11 பேர், 4 வயசுலேர்ந்து 15 வரைக்கும். காலையில ஆத்தங்கரை, சித்ரான்னம்னு ஓடிரும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஆளுக்கொரு போனோட மூலையில உக்காந்துடுதுங்க. அதனால 'தாத்தா காலத்து விளையாட்டு'ன்னு ஒண்ணு நடத்தலாம்னு பார்க்கிறேன்.

தீபாவளிக்குப் பாதிப் பேர் வந்தப்பவே வெள்ளோட்டம் விட்டாச்சு. பல்லாங்குழி: 14 குழி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை. ரெண்டு பேர் ஆட, மத்தவங்க கொட்டாவி விட்டாங்க. சின்னவன் ஒரு கொட்டையை மூக்குல திணிக்கப் பார்த்தான், அதோட மூட்டை கட்டியாச்சு. பம்பரத்துல சாட்டையைச் சுத்தவே பொடிசுகளுக்கு வரலை. புதையல் வேட்டைக்குத் துப்புச்சீட்டு எழுதினேன். பெங்களூர் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. உறியடி வேண்டாம்னு மருமகள்கள் சொல்லிட்டாங்க, அதுவும் நியாயம்தான்.

இடம்: திண்ணை, முற்றம், கொல்லையில மாமர நிழல். நேரம்: 3 மணியிலேர்ந்து 5 வரை. பெரியவங்க ரெண்டு பேர் கூட நிப்போம்.

பெரிசும் பொடிசும் ஒரே அணியில சேர்ந்து, எழுத்தே இல்லாம, ரெண்டு மணி நேரம் ஆடுற மாதிரி எந்த விளையாட்டு உங்க வீட்டுல எடுபட்டுச்சு?