பொங்கல் பால் திரிஞ்சது: மீஞ்சூர், எண்ணூர், பொன்னேரி, மாதவரம் ஆட்கள் உங்க அனுபவம் சொல்லுங்க

மீஞ்சூர்_கிழக்கு:
சென்னைக்கு வடக்க இருக்கற நம்ம ஊர்கள்ல சதுப்பு நிலத்தைப் பாதுகாக்கற பகுதியை விரிவாக்கணும்னு பேச்சு வந்தா எல்லாரும் பறவை, காடுன்னு போயிடறாங்க. எனக்கு ஆயா வச்ச பால்தான் கண்ணு முன்னாடி வருது. ஒம்பதாவது படிச்சேன். கிணத்துத் தண்ணி ரெண்டு கோடையா கரிச்சுது, வீட்டுல யாரும் வெளிய சொல்லல. பொங்கலன்னைக்குப் புதுப் பானையில பால் ஊத்தி அந்தத் தண்ணியையே விட்டாங்க. பொங்கி வரல. திரிதிரியா பிரிஞ்சு அடியில நின்னுடுச்சு. தெரு முழுக்க ‘பொங்கலோ பொங்கல்’னு சத்தம், எங்க வாசல்ல மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஆயா கிணத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

நிலத்துக்கு அடியில கடல் ஏறுதுன்னு இந்தப் பக்கம் 1960கள் கடைசியிலயே தெரிஞ்சுபோச்சு. நகரத்துக்கும் ஆலைக்கும் ராப்பகலா இறைச்சாங்க, நல்ல தண்ணி எறங்க எறங்க உப்பு உள்ள வந்துச்சு. நிலத்தடி நீர்ச் சட்டம் 1987-ல வந்துச்சு, ஆனா எங்க கிணறு மாறல.

கழிமுகத்துப்_பொண்ணு:
அண்ணா, உங்களுக்கு அடியில கடல் வரக்கூடாது. எங்களுக்கு மேல வரணும், அது வரமாட்டேங்குது. அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு எண்ணூர் கழிமுகம் மேடாயிடுச்சு. அம்மா இடுப்பளவு தண்ணியில நின்னு கையாலயே இறால் தடவிப் பிடிச்ச எடத்துல எனக்கு முட்டிக்குக் கீழதான் நனையுது.

2023 டிசம்பர், மிக்ஜாம் வெள்ளம் வடிஞ்சதும் தண்ணி மேல எண்ணெய். எங்க படகு விளிம்புல ஒரு கூழைக்கடா உக்காந்திருந்துச்சு, நெஞ்செல்லாம் கருப்பு. கிட்டப் போனா பறந்துடும்னு நெனச்சு மெதுவா போனேன். பறக்கல. கை வைக்கற தூரத்துல நின்னேன், அப்பவும் பறக்கல. எனக்கு அதுதான் இன்னும் தூக்கத்துல வருது. தெக்க பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல ராம்சார் அங்கீகாரம் (உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்ங்கற பேரு) கெடச்சுது, சந்தோஷம். இந்தத் தண்ணிக்கும் கேக்கறோம்.

பொன்னேரி_நெல்:
எனக்குப் பாதுகாப்புப் பகுதின்னு எல்லைக் கோடு போடறதுன்னாலே பயம். பழவேற்காடு ஏரி 1980-ல பறவைகள் சரணாலயம் ஆச்சு. பயிர்க்கடனுக்குப் போனப்ப ஒரு ஆபீசர் என் பட்டாவைத் திறந்துகூடப் பார்க்காம, “சரணாலயத்துக்குப் பக்கத்து நிலம், சிக்கல்”னு மேசை மேல தள்ளினாரு. அந்தக் காகிதம் வழுக்கிக்கிட்டு என் பக்கம் வந்தது மறக்கல. நான் அங்க யாருக்கும் கெடுதல் பண்ணல, நெல்லுதான் போடறேன்.

மீஞ்சூர் சகோதரர்கிட்ட ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ராத்திரியில லாரி லாரியா தண்ணி வித்தது வெளியூர்க்காரங்க மட்டும்தானா?

மாதவரம்_அக்கா:
ரெட்டேரிக்கரையில வளர்ந்தவ நான். வீடு கட்டத் தோண்டின குழியில நத்தைக் கூடு கூடையா வந்துச்சு, மேஸ்திரி “இது ஏரி மண்ணும்மா”ன்னாரு. என் கதை அவ்வளவுதான்.

ஆனா பொன்னேரித் தம்பி, பயந்துட்டு விட்டா வயலும் போயிடும். சதுப்பு நிலத்துக்கான 2017 விதிகளைப் படிச்சுப் பாருங்க. ஆத்துப் போக்கு, நெல் வயல், பாசனத்துக்காகவே வெட்டின ஏரி இதெல்லாம் அதுல வராது. காவிரி டெல்டாவுக்கு 2020-ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டாங்க, நம்ம திருவள்ளூர் மாவட்டம் அதுல இல்ல. அதாவது மழை எறங்கற வயலுக்கும் ஏரிக்கும் பேரே இல்ல, கழிமுகத்துக்கு மட்டும் வேலி போட்டு என்ன பண்றது? மேல வயல்ல எறங்கற தண்ணிதான் அடியில கடலைத் தள்ளி நிறுத்துது. அதனால விவசாயம் நடக்கணும்னே எழுதி, நெலத்தைச் சேர்த்துக் கேளுங்க. கடனுக்குத் தடை கூடாதுன்னும் அதே கிராம சபைத் தீர்மானத்துல ஒரு வரி எழுதுங்க.

முதல்ல விஏஓகிட்ட அ-பதிவேடு, அதாவது ஊரோட நிலக் கணக்குப் புத்தகம், பாருங்க. ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் எதெது எந்த சர்வே நம்பர்னு குறிச்சுக்குங்க. புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்) வாங்கி, வாய்க்கால் இப்ப நேரில எங்க முடியுதுன்னு நடந்தே பாருங்க. மீஞ்சூர் பேரூராட்சி, கிராம சபை கெடையாது. சுத்தி இருக்கற ஊராட்சிகள்ல உண்டு, மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கும் கூடும். வாய்ல சொன்னா காத்துல போயிடும், தீர்மானப் புத்தகத்துல எழுதி முடிக்கற வரைக்கும் எழுந்து வராதீங்க. நகலும் கேளுங்க.

மீஞ்சூர்_கிழக்கு:
பொன்னேரி சார், எங்கப்பாவும் வித்தாரு. நெல்லுல வந்ததைவிட அதுல அதிகம் வந்துச்சு. என் ஸ்கூல் ஃபீஸ் அதுலதான் கட்டினாரு. ஆயாவுக்கும் தெரியும், அதனாலதான் அன்னைக்கு ஒண்ணும் பேசலன்னு இப்ப தோணுது.

அக்கா, திங்கக்கிழமை போறேன். ஏரியோட நம்பர் தெரியாது, எங்க கிணத்து சர்வே நம்பர் இருக்கு. அதை வச்சு எந்த வாய்க்கால் பக்கத்துல வருதுன்னு பார்க்க முடியுமா?