ஹாஸ்டல் தண்ணி பிரச்சனைக்கு அட்மின் பிளாக் முன்னாடி உக்காரலாமா? ரூல்ஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க

காலிபக்கெட்:
யுனிவர்சிட்டி பேரு வேணாம், தமிழ்நாட்டுலதான். லேடீஸ் ஹாஸ்டல்ல காலையில ஆறரை தாண்டுச்சுன்னா மேல் மாடிக்கு தண்ணி ஏறாது, பக்கெட்ட தூக்கிட்டு கீழ போர் பைப்புல வரிசைல நிக்கணும், வார்டன்கிட்ட கேட்டா மோட்டார் ரிப்பேர், டீன்கிட்ட போனா வார்டன பாருங்கம்மாங்குறாரு. சரி அட்மின் பிளாக் முன்னாடி எல்லாரும் உக்காந்துரலாம்னு வாட்ஸாப் குரூப்ல பேசினோம், எவளோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடுத்துட்டா போல, மறுநாளே சர்க்குலர். முன் அனுமதி இல்லாம கூடினா டிசிப்ளினரி ஆக்‌ஷனாம், எல்லாரும் அண்டர்டேக்கிங்ல, அதாவது உறுதிமொழிக் கடிதத்துல, கையெழுத்து போடணுமாம். இப்படி கேக்க அவங்களுக்கு ரைட்ஸ் இருக்கா? அரசியல் சட்டத்துல பேச, கூட உரிமை குடுக்குற ஆர்ட்டிகிள் 19 எல்லாம் கேம்பஸ் கேட்டுக்கு வெளிய மட்டும்தானா? பாதி பேரு பயந்து போட்டாச்சு.

கருப்புகோட்டு:
உள்ளயும் செல்லும்மா. ஆயுதம் இல்லாம அமைதியா கூடுறது 19(1)(பி). ஆனா பக்கத்துலயே 19(3) இருக்கு, பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம்னு. அந்த 'நியாயமான'லதான் எல்லா சண்டையும். டெல்லி ஜேஎன்யூ யுனிவர்சிட்டில அட்மின் பிளாக்ல இருந்து 100 மீட்டருக்குள்ள போராட்டம் கூடாதுன்னு 2017ல டெல்லி ஹைகோர்ட் சொல்லிருச்சு. அப்புறம் 2023ல யுனிவர்சிட்டியே தர்ணாவுக்கு 20,000 ரூபாய் ஃபைன்னு ரூல் போட்டு, எதிர்ப்பு கிளம்பினதும் வாபஸ் வாங்கி, அதே வருஷ கடைசில கிளாஸ் நடக்குற பில்டிங்ல இருந்து 100 மீட்டருக்குள்ள உக்காந்தா 20,000 வரைக்கும்னு திரும்ப கொண்டு வந்துட்டாங்க. கேரளா ஹைகோர்ட் 2020ல இன்னும் ஒரு படி மேல, கிளாஸ கெடுக்குற தர்ணா, முற்றுகை எதுவுமே கேம்பஸ்ல கூடாதுன்னு. அதனால எங்க, எந்நேரம், மைக் வேணுமா வேணாமான்னு அவங்க சொல்றத கோர்ட் பெருசா தப்பு சொல்லாது. எங்கயுமே எப்பவுமே கூடாதுன்னா அத கேள்வி கேக்கலாம். உங்க சர்க்குலர்ல யார்கிட்ட அனுமதி கேக்கணும், எத்தன நாள்ல பதில் வரும்னு போட்டிருக்கா? இல்லேன்னா அதையே ஒரு லெட்டரா எழுதி கேளுங்க, முழிப்பாங்க.

தபால்செக்‌ஷன்:
நான் ஒரு காலேஜ் ஆபீஸ்ல ஃபைல் பாக்குற ஆளு, அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். வாயால வார்டன்கிட்ட நூறு தடவ சொல்லியிருந்தாலும் ஃபைல்ல ஒண்ணும் கிடையாது. பின்னாடி என்கொயரின்னு வந்தா "புகாரே வரல, நேரா வந்து உக்காந்துட்டாங்க"ன்னுதான் நோட் போடுவாங்க. ரெஜிஸ்ட்ராருக்கு லெட்டர், ரெண்டு காப்பி, தபால் செக்‌ஷன்ல சீலும் இன்வார்டு நம்பரும் போட்டு ஒரு காப்பிய கைல வாங்கிக்கோங்க. வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, பதிவுத் தபால் 2025ல அதோட சேர்ந்துருச்சு. அடுத்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 குறைதீர்ப்பு ஒழுங்குமுறைல ஒவ்வொரு யுனிவர்சிட்டிலயும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கணும், புகார் கைக்கு வந்து 15 வேலை நாளுக்குள்ள அது ரிப்போர்ட் குடுக்கணும், திருப்தி இல்லேன்னா ஓம்பட்ஸ்பர்சன், அதாவது மேல்முறையீட்ட விசாரிக்கிற குறைதீர்ப்பு அதிகாரி. பிராஸ்பெக்டஸ்ல சொன்ன வசதிய தரலேன்னாலே அது புகார்தான். ஹாஸ்டல் பக்கத்துல 24 மணி நேரத் தண்ணின்னு பெருமையா அடிச்சிருப்பாங்களே, அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து பின் பண்ணுங்க.

மரத்தடி_மணி:
அண்ணே நீங்க சொல்ற குழு, ஓம்பட்ஸ்பர்சன்னு போனா தண்ணி வர்றதுக்குள்ள பொண்ணுங்களுக்கு டிகிரி வந்துரும். லெட்டர் குடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா உக்காந்தாதான் மோட்டார் ஓடும். எங்க காலேஜ்ல போர்ட்டிகோவுல ஓரமா உக்காந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல, எதிர்க்க வந்த கார மறிச்ச ரெண்டு பேருக்குத்தான் ஷோகாஸ் (ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு விளக்கம் கேக்குற நோட்டீஸ்) வந்துச்சு. வாசல அடைக்காதீங்க, யாரையும் ரூமுக்குள்ள வெச்சு பூட்டாதீங்க, எக்ஸாம் நேரம் வேண்டவே வேணாம். காலிக் குடத்தோட உக்காந்தா எதுக்கு உக்காந்திருக்கீங்கன்னு நம்ம ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. அதுக்காக குடத்தோட ரோட்டுக்கு வந்து மறியல்னு மட்டும் இறங்கிடாதீங்க.

கருப்புகோட்டு:
@மரத்தடி_மணி கடைசி லைன் ரொம்ப முக்கியம். கேட்டத் தாண்டிட்டா கதையே வேற, சென்னைன்னா சிட்டி போலீஸ் சட்டம் 41ஆவது பிரிவு, முன்கூட்டியே மனு குடுத்து அனுமதி வாங்கணும். பிடிச்சிட்டுப் போயி கல்யாண மண்டபத்துல வெச்சு சாயங்காலம் விட்டுருவாங்கன்னு எல்லாரும் ஈசியா சொல்வாங்க, எஃப்ஐஆர் போட்டிருந்தா அது அங்கயேதான் கிடக்கும். 2017 ஜல்லிக்கட்டு கேஸுகள வாபஸ் வாங்குறோம்னு அரசாங்கம் அறிவிச்சதே 2021லதான். நடுவுல கவர்மென்ட் வேலைக்கு வெரிஃபிகேஷன் வந்தா யாரு பதில் சொல்றது.

காலிபக்கெட்:
தேங்க்ஸ் அண்ணா எல்லாருக்கும். லெட்டர் நாளைக்கே குடுக்குறோம். அண்டர்டேக்கிங் என்ன பண்றது? "எந்தப் போராட்டத்திலும் எக்காலத்திலும் பங்கேற்க மாட்டேன்"னு இருக்கு, அப்பா அம்மா கையெழுத்தும் வேணுமாம்.

தபால்செக்‌ஷன்:
அவசரப்படாதம்மா. எந்த ரூல்ல இத கேக்குறீங்கன்னு எழுத்துல கேளு, அதே இன்வார்டு சீலோட. கண்டிப்பா போட்டே ஆகணும்னு நின்னா "எக்காலத்திலும்"ங்குறத அடிச்சுட்டு "பல்கலைக்கழக விதிகளுக்கும் சட்டத்துக்கும் உட்பட்டு நடப்பேன்"னு எழுதி தேதியோட போடு, போட்டத போட்டோ எடுத்து வெச்சுக்கோ. வீட்டுக்கு அவங்க போன் பண்றதுக்கு முன்னாடி நீயே அப்பாகிட்ட சொல்லிரு. ஷோகாஸ் வந்தா குரூப்பா ஒரே பதில காப்பி அடிக்காதீங்க, அவங்கவங்க எங்க உக்காந்திருந்தாங்கன்னு அவங்கவங்களே எழுதணும், கெடு தேதிக்குள்ள.